கரை விதிக்கும் ஆழம்: கட்டுமரத்தின் பக்கப்பலகை முதல் அலைப்பலகையின் ஃபின் வரை

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் எழுந்தருளும் தெப்பம், பாயும் இல்லாமல் சுக்கானும் இல்லாமல் மைய மண்டபத்தைச் சுற்றி வருகிறது. திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டுவித்த இந்தக் குளம் ஏறத்தாழ 1000 அடிக்கு 950 அடி அளவுள்ளது. நான்கு புறமும் கல்லால் கரை கட்டியிருக்கிறது. வடம் பிடிப்பவர்கள் அந்தக் கரையில் காலை ஊன்றி இழுப்பதால் தெப்பத்தின் அடியில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அது பக்கவாட்டில் ஒதுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கரையும் வடமுமே செய்துவிடுகின்றன. அதே தெப்பத்தில் வடத்துக்குப் பதிலாகப் பாயைக் கட்டினால் அது காற்று தள்ளும் பக்கத்துக்கே ஒதுங்கிப் படிக்கட்டில் முட்டும். பாய் கட்டிய எந்த மிதவைக்கும் இந்தக் கதிதான். வடம் செய்யும் வேலையைக் கடலில் தண்ணீருக்குள் இறங்கிய ஒரு பலகை செய்தாக வேண்டும். கட்டுமரத்தின் பக்கப்பலகையும், பாய் பொருத்திய விண்ட்சர்ஃபிங் பலகையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின் என்ற சிறு தகடும் அந்த வேலையைச் செய்பவை. இன்று அலைப்பலகை, அதாவது அலையில் ஓட்டும் விண்ட்சர்ஃபிங் பலகை, வாங்குவோர் ஒற்றை ஃபின்னா, இரட்டையா, மூன்றா, நான்கா என்று கேட்கிறார்கள். எண்ணிக்கை கூடக் கூட நுட்பம் வளர்ந்ததாகவே அந்த வரலாறு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. சான்றுகளைக் கோத்துப் பார்த்தால் வேறு முடிவுதான் கிடைக்கிறது. பலகையின் பரப்பை வேகம் குறைத்தது. அதன் ஆழத்துக்கு வரம்பு கட்டியது கரை. இந்த இரண்டுக்கும் இடையில் செய்துகொண்ட ஏற்பாடுதான் ஃபின்களின் எண்ணிக்கை.

காற்று பக்கவாட்டிலிருந்து வரும்போது பாயில் பிறக்கும் விசையின் ஒரு பகுதி முன்னே செலுத்துகிறது. மீதி பக்கத்துக்குத் தள்ளுகிறது. கலம் சில பாகை சாய்வாக ஒதுங்கிக்கொண்டே போவதால், அடியில் இருக்கும் பலகையும் தண்ணீரைச் சற்றே சாய்ந்த கோணத்தில் சந்திக்கிறது. விமானத்தின் இறக்கை காற்றில் தூக்குவிசை பெறுவது போல அந்தப் பலகை தண்ணீரில் எதிர்விசை பெற்று, பாயின் பக்கத் தள்ளலைச் சமன் செய்கிறது. இந்த எதிர்விசை பலகையின் பரப்போடு நேராகவும், வேகத்தின் இருமடியோடும் கூடும். வேகம் இரட்டித்தால் அதே விசையைப் பெறக் கால்பங்குப் பரப்பு போதும். மெதுவாகச் செல்லும் கலத்துக்குப் பெரிய பலகை தேவைப்படுவதற்கும், நீரின் மேல் வழுக்கி ஓடும் கலத்துக்கு ஒரு சாண் ஃபின் போதுமாக இருப்பதற்கும் காரணம் இதுதான். வடிவத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரே பரப்பாயினும், நீண்டு ஒடுங்கிய பலகை குட்டையாக அகன்ற பலகையைவிடக் குறைந்த இழுவையில் அதே எதிர்விசையைத் தரும். ஆகவே ஆழம் எப்போதும் ஆதாயம்தான். அந்த ஆதாயத்தை எல்லா இடத்திலும் எடுத்துக்கொள்ள முடியாமல் போனதில்தான் இந்த வரலாறு தொடங்குகிறது.

சோழமண்டலக் கரை அப்படி ஆழத்தை மறுத்த கரை. சென்னையில் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியதே 1875-இல்தான். அதுவரை கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சரக்கும் உடையும் அலைகளைக் கடந்தே கரை சேர்ந்தார்கள். அந்த வேலைக்கு இரண்டு கலங்கள் இருந்தன. ஒன்று, கயிற்றால் தைத்த தட்டையான அடியுள்ள மசூலாப் படகு, மற்றொன்று கட்டுமரம். இரண்டிலும் நிலையான அடிக்கட்டை கிடையாது. மணலில் மோதும்போது ஆழமாக நீண்டிருக்கும் எதுவும் முதலில் உடையும், அல்லது கலத்தையே கவிழ்க்கும். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலிலேயே இந்தக் கரையின் கட்டுமரங்களைக் குறிப்பிடுகிறார். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதிய ஆய்வு, கரைக்குக் கரை அவை எப்படி மாறுகின்றன என்பதை விரிவாகப் பதிவு செய்தது. மலைவேம்பு போன்ற எடை குறைந்த மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குப் போய், திரும்பியதும் கட்டை அவிழ்த்து மணலில் உலர்த்துவது வழக்கம். பாய் விரிக்கும்போது காற்று மறையும் பக்கத்தில் ஒரு பலகை நீருக்குள் இறங்கும். பின்புறத்துத் துடுப்பு சுக்கானாகும். கரையலை நெருங்கினால் பலகை மேலே வந்துவிடும். இறக்கவும் ஏற்றவும் முடிகிற இந்தப் பலகையே இக்கரை கண்ட விடை. கடலில் ஆழமும் கரையில் ஆழமின்மையும் ஒரே கலத்துக்குத் தேவைப்பட்டபோது, இரண்டையும் வேறு வேறு நேரத்தில் எடுத்துக்கொள்ளும் வழி அது.

பசிபிக்கின் தென்னமெரிக்கக் கரையிலும் இதே விடை தனியே பிறந்திருக்கிறது. ஈக்வடார், பெரு நாட்டுக் கடற்கரைகளில் பால்சா மரத் தெப்பங்களின் இடுக்குகளில் ‘குவாரா’ என்ற பலகைகளை இறக்கியும் ஏற்றியும் திசை திருப்பினார்கள். ஸ்பெயின் நாட்டு அறிஞர்கள் ஹோர்ஹே ஹுவானும் அந்தோனியோ தெ உல்லோவாவும் 1748-இல் வெளியிட்ட நூலில் அதை விளக்கினார்கள். அந்த விளக்கம் அச்சில் இருந்தும், 1947-இல் கோன்-டிக்கி தெப்பத்தில் பசிபிக்கில் பயணித்த தோர் ஹெயர்டாலுக்கு அப்பலகைகளைக் கையாளும் முறை பிடிபடவில்லை. 1953-இல் ஈக்வடார் கரையில் சோதித்துப் பார்த்த பிறகுதான், தெப்பத்தைக் காற்றுக்கு எதிராகவும் அவற்றால் செலுத்த முடியும் என்று உறுதியாயிற்று. எழுத்தில் இருக்கும் செய்திகூடக் கையில் பழகாவிட்டால் தொலைந்துபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அலைச்சறுக்குப் பலகைக்கு ஃபின் வந்த கதை வேறு திசையிலிருந்து தொடங்குகிறது. ஹவாயில் நூற்றாண்டுக் கணக்கில் ஃபின் இல்லாத பலகைகளே அலையேறின. 1935-இல் டாம் பிளேக் விசைப்படகு ஒன்றின் அடிக்கட்டையைத் தன் பலகையின் பின்புறம் பொருத்தினார். அதே பத்தாண்டில் ஜான் கெல்லியும் நண்பர்களும் வேறு வழி கண்டார்கள்: பலகையின் வாலை ஒடுக்கி, அடியை முக்கோணமாகச் செதுக்கி, விளிம்பையே அலையின் சுவரில் பிடிக்கவைத்தார்கள். ஃபின் இல்லாமலும் பிடிமானம் உண்டு என்பதை அது காட்டியது. 1940-களின் இறுதியில் பாப் சிம்மன்ஸ் இரட்டை ஃபின் முயன்றார். 1960-களில் ஜார்ஜ் கிரீனோ மீன்களின் துடுப்புகளையும் வால்களையும் கவனித்து, ஒடுங்கிய, வளைந்து கொடுக்கும் ஒற்றை ஃபின்னைச் செய்தார். ஆஸ்திரேலியரான மார்க் ரிச்சர்ட்ஸ் 1979 முதல் 1982 வரை நான்கு உலகப் பட்டங்களை இரட்டை ஃபின் பலகைகளில் வென்றார். இடையிலேயே, 1981-இல், சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் கொண்ட ‘திரஸ்டர்’ பலகையில் பெல்ஸ் பீச் போட்டியை வென்றார்; சில ஆண்டுகளில் அதுவே உலக வழக்காயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறுவதாக இந்த வரிசை தோன்றினாலும், உண்மையில் முன்னும் பின்னுமாகத்தான் போயிருக்கிறது.

பாயும் அலைச்சறுக்குப் பலகையும் சேர்ந்த இடம் விண்ட்சர்ஃபிங். அதை முதலில் கண்டவர் யார் என்ற வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. அமெரிக்காவில் நியூமன் டார்பி 1964-இல் செய்த பாய்ப்பலகையைப் பற்றிய கட்டுரை 1965-இல் ஒரு பிரபல அறிவியல் இதழில் வந்தது. இங்கிலாந்தின் பீட்டர் சில்வர்ஸ் 1958-லேயே சிறுவனாக அப்படியொன்றை ஓட்டியிருந்தார் என்பதை 1980-களில் ஆங்கில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஆனால் இன்றைய வடிவத்துக்கு வழிவகுத்தது கலிபோர்னியாவில் விமானப் பொறியாளர் ஜிம் டிரேக்கும் ஹாயில் ஷ்வைட்சரும் 1968-இல் பதிவுக்கு அளித்த காப்புரிமைதான். எல்லாப் பக்கமும் சாயும் மூட்டில் பாய்மரத்தை நிறுத்தியதால் சுக்கான் தேவையற்றுப் போயிற்று. பாயை முன்னே சாய்த்தால் பலகை காற்றிலிருந்து விலகும், பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். ஆனால் 12 அடி நீளமான அந்தப் பலகை மெதுவாகவே சென்றது. நடுவில் டேகர்போர்டு என்ற ஆழமான பலகை இல்லாமல் அது காற்றுக்கு எதிரே ஏறாது. கட்டுமரம் இறக்கிய அதே பலகை, வேறு பொருளில், வேறு பெயரில் இங்கும் தேவைப்பட்டது. 1970-களின் பிற்பகுதியில் ஹவாயில் பலகையில் கால்வார்களைப் பொருத்தி அலைகளில் தாவத் தொடங்கியதும் வேகம் கூடியது. கூடிய வேகத்தில் டேகர்போர்டு சுமையாயிற்று. அது மறைந்து, வாலில் இருக்கும் ஒரே ஃபின் முழுப் பாரத்தையும் ஏற்றது. மேலே சொன்ன கணக்கின்படியே எல்லாம் நடந்தது.

அந்த ஒற்றை ஃபின் அலையின் சுவரில் திரும்பும்போதுதான் சிக்கல். நீளமான ஃபின் நேர்கோட்டை விரும்பும். திடீர்த் திருப்பத்துக்கு இணங்காது. ஆழம் குறைந்த இடத்தில் மணலையோ பாறையையோ தட்டும். பலகை விளிம்பில் சாயும்போது நடுவில் இருக்கும் ஃபின் மேலெழுந்து பிடி இழக்கும். 2000-களின் பிற்பகுதியில் பிரேசிலின் கௌலி செயாடி போன்றோர் அலைப் போட்டிகளில் இரட்டை ஃபின்னோடு இறங்க, நான்கு ஃபின்னும் திரஸ்டரும் அடுத்தடுத்துப் பரவின. ஒரே பரப்பைத் துண்டாக்கி விளிம்புகளுக்கு அருகே நகர்த்தினால் ஆழம் குறைகிறது. சாயும் பக்கத்து ஃபின் நீருக்குள் இன்னும் இறங்கிப் பிடிக்கிறது. இதற்குச் செலவும் உண்டு. குட்டை ஃபின்களின் இழுவை அதிகம். பலகை வழுக்கத் தொடங்கக் கூடுதல் காற்று வேண்டும். காற்றுக்கு எதிரே ஏறுவதும் சற்றுக் குறையும். பொதுவாக ஒற்றை அலை ஃபின் 21 முதல் 24 செ.மீ. வரை இருக்கும், இரட்டையில் ஒவ்வொன்றும் 15 முதல் 17 செ.மீ.; திரஸ்டரில் நடுஃபின் 16 முதல் 19 செ.மீ., பக்கத்தில் 10 செ.மீ. அளவில் இரண்டு.

எண்ணிக்கை கூடியது முன்னேற்றமே, திரஸ்டர் உலகை வென்றது அதற்குச் சான்று என்று வாதிடலாம். அலைச்சறுக்கில் அது உண்மை. ஆனால் அங்கே பாய் இல்லை. பலகையைச் செலுத்துவது அலையின் சரிவு. காற்றுக்கு எதிரே ஏறும் தேவையே எழுவதில்லை. பாய் கட்டிய பலகைகளில் ஸ்லாலம் பந்தயமும் வேகப் பந்தயமும் இன்றுவரை ஒற்றை ஃபின்னைக் கைவிடவில்லை. நமீபியாவின் லூடரிட்ஸில் வெட்டிய கால்வாயில் ஆன்ட்வான் ஆல்போ 2015-இல் 53.27 நாட் வேகம் கண்டது ஒற்றை ஃபின்னில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலோ பலகையே தண்ணீரை விட்டு எழும்பும் ஃபாயில் வந்துவிட்டது. அது இறங்கும் ஆழம் ஒரு மீட்டரை நெருங்கும். ஆழ்கடல் கிடைத்த இடத்தில் மனிதர்கள் மீண்டும் ஆழத்தையே தேர்ந்திருக்கிறார்கள்.

கட்டுமரத்துக்கும் விண்ட்சர்ஃபிங் பலகைக்கும் வரலாற்றுத் தொடர்பே இல்லை என்பது இரண்டாவது மறுப்பு. அதில் நியாயம் உண்டு. கலிபோர்னியாவில் செய்தவர்கள் கட்டுமரத்தைப் பார்த்துச் செய்ததாகச் சொல்ல எந்தச் சான்றும் இல்லை. அப்படி உரிமை கொண்டாடுவது வரலாற்றுக்கும் மீனவர்களுக்கும் செய்யும் தீங்கு. வாரிசுரிமை இல்லாத இடத்திலும் ஒரே சிக்கலுக்கு ஒரே வகை விடை பிறந்திருக்கிறது என்பதே இங்கு முன்வைக்கப்படுவது. குவாராவும் அதையே உறுதிப்படுத்துகிறது. மூன்றாவது மறுப்பு, விசைப்பொறி வந்ததும் பக்கப்பலகை மறைந்துவிட்டதே, அது பழுதான விடை அல்லவா என்பது. பொறி வந்தபின் பாய் போயிற்று; பாய் போனபின் பக்கத் தள்ளல் இல்லை; பலகைக்கு வேலையும் இல்லை. ஆனால் கரை தன் விதியை விடவில்லை. 1980-களுக்குப் பின் பரவிய கண்ணாடியிழைப் படகுகளிலும் நீண்ட தண்டின் முனையில் விசிறியை வைத்து, கரையலையில் அதைத் தூக்கிக்கொள்கிறார்கள்.

இந்த முடிவைத் தமிழகக் கரைகளுக்குப் பொருத்தினால் பலகைத் தேர்வு தெளிவாகிறது. கோவளமும் மாமல்லபுரமும் இன்று அலைச்சறுக்குக்குப் பெயர் பெற்றவை. மாமல்லபுரத்தில் 2023-இல் உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டியும் 2025-இல் ஆசியச் சாம்பியன்ஷிப்பும் நடந்தன. அங்கே பிற்பகல் கடல்காற்று தென்கிழக்கிலிருந்தும், மழைக்காலத்தில் வாடை வடகிழக்கிலிருந்தும் அடிக்கின்றன. இரண்டும் கரையை நோக்கிச் சாய்ந்த காற்று. அலையைத் தாண்டி வெளியேறவே காற்றுக்கு எதிரே ஏற வேண்டும். கரையோரம் ஓடும் நீவாடு என்ற நீரோட்டம் பலகையை இடம் மாற்றிவிடும். மணல் திட்டு எதிர்பாராமல் மேலெழும். ஹவாயின் ஹோக்கிப்பாவில் பக்கக்காற்றில் நீண்ட அலைச்சுவரில் ஓட்டுவோருக்கு நான்கு ஃபின் தரும் ஆதாயம் இங்கு கிடைக்காது. 75 கிலோ எடையுள்ளவர் 85 லிட்டர் அளவில், வால் மிக ஒடுங்காத பலகையும், 17 அல்லது 18 செ.மீ. நடுஃபின்னோடு கழற்றக்கூடிய பக்க ஃபின்களும் கொள்வதே சரி. காற்று மந்தமான நாளில் பக்க ஃபின்களைக் கழற்றி, நடுவில் நீண்டதைப் போடலாம். கட்டுமரக்காரர் பலகையை ஏற்றி இறக்கியதைப் போல, இங்கும் மாற்றிக்கொள்ளும் வசதியே எண்ணிக்கையைவிட முக்கியம். மதுரையிலிருந்து போவோர் பெரும்பாலும் இராமேசுவரத்துக்கே செல்கிறார்கள். அங்கே பாக் நீரிணைப் பக்கம் அலை அடங்கிய, ஆழம் குறைந்த கடல். அலைப்பலகையையே அங்கு கொண்டுபோகத் தேவையில்லை. 100 லிட்டருக்கு மேற்பட்ட சாதாரணப் பலகையும், நீளத்தைக் குறைத்துப் பின்னோக்கிச் சாய்ந்த ஒற்றை ஃபின்னும் போதும்.

ஒரு பெரிய குறை மிச்சமிருக்கிறது. இன்றைய ஃபின் ஒவ்வொன்றின் வடிவமும் கணினியிலும் நீரோட்டத் தொட்டியிலும் அளக்கப்படுகிறது. கட்டுமரத்தின் பக்கப்பலகையின் அளவும் சாய்வும், அது காற்றுக்கு எதிரே எத்தனை பாகை ஏறவிட்டது என்பதும் அதே முறையில் அளக்கப்பட வேண்டும். பாய் விரித்து ஓட்டிய கைகள் இன்னும் நம் மீனவக் குப்பங்களில் இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் பெருங்கடல் பொறியியல் துறையில் கலங்களை இழுத்துச் சோதிக்கும் தொட்டி இருக்கிறது. அந்தக் கைகள் செய்துதரும் ஒரு கட்டுமரத்தையும் அதன் பலகையையும் அந்தத் தொட்டியில் இறக்கி அளந்து வெளியிட வேண்டும். அதற்கான நிதியை மாநில மீன்வளத் துறை ஒதுக்க வேண்டும்.