சங்கு யாருடைய மரபு?

கடற்கரைப் பண்பாட்டைக் காப்போம் என்று சொல்லும்போது சங்கை எடுத்துக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிடுகிறார்கள். அதைக் கடலிலிருந்து எடுத்த கையையும், அறுத்த கையையும், சாவு வீட்டில் ஊதிய வாயையும் வெளியே நிறுத்திவிடுகிறார்கள். நாம் அந்த ஆட்களிடமிருந்து தொடங்குவோம்.

கொற்கை அகழாய்வுகளில் சங்கு வளையல்களும், அறுத்தெறிந்த துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. மதுரைக்காஞ்சி பாடும் மதுரை நகரில் சங்கு அறுப்போர் உண்டு. அகநானூற்றின் 24ஆம் பாட்டில் சங்கை அறுத்து வளையல் செய்பவன், வேள்வி செய்யாத ஒரு பார்ப்பான். ஆகவே அந்தத் தொழிலில் இயல்பாகவே இழிவு இருந்தது என்று எவரும் நமக்குச் சொல்ல முடியாது.

மன்னார் வளைகுடாவில் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் மூச்சடக்கிச் சங்கு குளித்தார்கள். டச்சுக்காரர்களும் கும்பினியும் பிறகு சென்னை அரசும் அதைத் தம் ஏகபோகமாக்கின. எடுத்த சங்கு வங்கத்துக்குக் கப்பலேறியது. டாக்காவின் சாங்காரிகள் அதை அறுத்து மணப்பெண்களுக்கு வளையலாக்கினார்கள். ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் வெளியிட்ட நூல் இந்தத் தொழிலை விரிவாகப் பதிவு செய்தது. அந்த நூலின் தலைப்பிலேயே சங்கு 'புனிதம்' ஆகிவிட்டது. குளித்தவருக்கு அந்தப் புனிதத்தில் பங்கு கிடைக்கவில்லை.

அதே சங்கு கருவறைக்குள் போனால் அபிஷேகப் பாத்திரம். சுடுகாட்டுப் பாதையில் அதை ஊதுவது நம் மக்கள்மீது சுமத்தப்பட்ட சாதிக் கடமை. பொருள் ஒன்றுதான், யார் எங்கே நின்று ஊதுவது என்று பங்கு பிரித்தது சாதி. "உனக்குச் சங்கு ஊதிடுவேன்" என்று இன்றும் ஊரார் மிரட்டும்போது, அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு தெருவின் கட்டாய உழைப்பு இருக்கிறது. சாவுக்கு ஊதமாட்டோம், பறையடிக்கமாட்டோம் என்று மறுத்த ஊர்கள் தமிழ்நாட்டில் பல. அந்த மறுப்பும் சங்கின் வரலாறுதான்.

எனவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. முதிய குளியாளிகளிடம் போய், காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கடலடித் தரைக்கும் அவர்கள் வைத்திருக்கும் சொற்களை எழுதி வாருங்கள். ஊத மறுத்தவர்களிடம், அன்று ஊர் என்ன செய்தது என்று கேட்டு எழுதி வாருங்கள். இரண்டையும் ஒரே ஏட்டில் சேர்ப்போம். உழைத்தவரையும் மறுத்தவரையும் விட்டுவிட்டு நாம் காப்பது வெறும் ஓட்டைத்தான்.