துர்காபாய் தேஷ்முக்: வழக்கறிஞரும் நல வாரியத் தலைவரும்

துர்காபாய் தேஷ்முக் (15 சூலை 1909 – 9 மே 1981) விடுதலைப் போராட்ட வீரர், வழக்கறிஞர், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவர். அவர் நீதிமன்றத்தில் வாதாடியது சில ஆண்டுகளே. சமூக அமைப்புகளை உருவாக்கி நடத்தியது ஏறத்தாழ 40 ஆண்டுகள். படிப்பை இடையில் விட்ட பெண்ணுக்கு மீண்டும் படிக்க வழி வேண்டும் என்ற எண்ணம் அவர் பணிகள் பலவற்றுக்கு அடிப்படையாக இருந்தது.

இளமையும் சிறையும்

இராஜமுந்திரியில் பிறந்த துர்காபாய்க்கு 8 வயதில் திருமணம் நடந்தது. விவரம் தெரிந்த வயதில் அந்த மணவாழ்வை ஏற்க மறுத்துவிட்டார். 1921இல் காந்தியடிகள் காக்கிநாடா வந்தபோது, தேவதாசிப் பெண்களும் கோஷா முறையில் இருந்த முஸ்லிம் பெண்களும் அவரைச் சந்திக்க வேண்டும் என்று விரும்பினார். அதற்காக 5,000 ரூபாய் நிதி திரட்டப்பட்டது.

1930இல் சென்னையில் உப்பு சத்தியாகிரகத்தில் ஈடுபட்டுக் கைதானார். வேலூர், மதுரைச் சிறைகளில் இருந்தார். மதுரையில் தனிமைச் சிறையும் அனுபவித்தார். சட்டம் தெரியாததால் தமக்காக வாதாட முடியாமல் தண்டனை பெற்ற பெண்களைச் சிறையில் கண்டார். சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது.

படிப்பும் வழக்கறிஞர் தொழிலும்

பள்ளிப் படிப்பைச் சிறுவயதிலேயே விட்டிருந்ததால், விடுதலையான பின் மெட்ரிகுலேஷனிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. காசி இந்து பல்கலைக்கழகத்தின் அத்தேர்வில் தேறி, பின்னர் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்தார். அங்கே பெண்களுக்கு விடுதி இல்லை என்று சொல்லப்பட்டது. துர்காபாய் நாளிதழில் விளம்பரம் கொடுத்து, அதே நிலையில் இருந்த மாணவியரைச் சேர்த்து, அவர்களே நடத்தும் விடுதி ஒன்றை அமைத்தார்.

பெண்கள் வழக்கறிஞராவதற்கு இருந்த தடையை நீக்கிய சட்டம் இந்தியாவில் 1923இல்தான் வந்தது. சென்னையில் சட்டம் பயின்ற துர்காபாய் 1942இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். அக்காலத்தில் நீதிமன்றத்தில் பெண்கள் மிகச் சிலரே.

இதற்கு முன்பே, 1937இல், சென்னையில் ஆந்திர மகிளா சபையை அவர் தொடங்கியிருந்தார். தெலுங்குப் பெண்களை மெட்ரிகுலேஷன் தேர்வுக்குத் தயார் செய்வது அவர் மேற்கொண்ட தொடக்கப் பணிகளில் ஒன்று. தாம் கடந்து வந்த பாதையைப் பிறருக்கும் திறந்துவிட்டார் எனலாம். சபை பின்னர் மருத்துவமனை, பள்ளி, பயிற்சி நிலையங்கள் என விரிந்தது.

அரசியல் நிர்ணய சபை

1946இல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானார். அச்சபையில் இடம்பெற்ற பெண்கள் 15 பேர். மாநிலங்களவை உறுப்பினருக்குரிய குறைந்தபட்ச வயதை 35இலிருந்து 30ஆகக் குறைக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் துர்காபாயே. அது ஏற்கப்பட்டு, இன்றும் நடைமுறையில் உள்ளது.

நல வாரியம்

1952 பொதுத்தேர்தலில் அவர் தோல்வியுற்றார். அதன்பின் நேரு அவரைத் திட்டக் குழு உறுப்பினராக்கினார். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் தன்னார்வ நல அமைப்புகளுக்கு உதவ 4 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அப்பணத்தை அரசுத் துறை நேரடியாகச் செலவிடாமல், சமூகப் பணியில் பழகியவர்கள் அடங்கிய வாரியம் வழியாக வழங்கலாம் என்று முடிவாயிற்று. 1953 ஆகஸ்டில் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது; துர்காபாய் அதன் தலைவரானார். மாநிலங்களிலும் இத்தகைய வாரியங்கள் உருவாயின.

சிற்றூர்களில் பணிபுரியக் கிராமசேவிகை, செவிலியர், ஆசிரியை எனப் பலர் தேவைப்பட்டனர். தேவையான கல்வித் தகுதியுள்ள பெண்களோ போதிய அளவில் கிடைக்கவில்லை. எனவே 1958இல், வயதுவந்த பெண்கள் விட்ட படிப்பைக் குறுகிய காலத்தில் முடிப்பதற்கான சுருக்கக் கல்வித் திட்டத்தை வாரியம் தொடங்கியது. மயிலாப்பூர் வட்டாரத்தில் சிறிய அளவில் தொடங்கிய வகுப்பு, இருபதாண்டுகளில் நாடு தழுவிய திட்டமாயிற்று.

காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊர்களில் இதன் தேவை எளிதில் விளங்கும். கோர்வைப் பட்டு நெய்யும்போது கரைக்கான நாடாவைத் தள்ள நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். வெகுகாலம் அந்த இடத்தில் வீட்டுப் பிள்ளைகளே அமர்ந்தனர். தார் சுற்றும் வேலையும் பெரும்பாலும் பெண்களுடையது. இப்படிப் பள்ளியை விட்ட பெண், 20 வயதில் ஐந்தாம் வகுப்புச் சிறுமியருடன் போய் உட்கார முடியாது. அவளுக்கெனத் தனி வகுப்பு வேண்டும்.

பிற்காலம்

1953இல், அப்போது மத்திய நிதியமைச்சராக இருந்த சி. து. தேஷ்முக்கை மணந்தார். அதே ஆண்டு சீனா சென்று வந்தபின், இந்தியாவிலும் குடும்ப நீதிமன்றங்கள் வேண்டுமென வலியுறுத்தினார். 1958இல் அமைந்த தேசியப் பெண்கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்து, அடுத்த ஆண்டு அறிக்கை அளித்தார். 1975இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். அவர் வலியுறுத்திய குடும்ப நீதிமன்றச் சட்டம், அவர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1984இல் நிறைவேறியது.