ரிங்கைத் தாண்டி வந்த வாயு

பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் பொறி பற்றியதும் அழுத்தம் எகிறுகிறது. டர்போ பொருத்திய இன்றைய எஞ்சின்களில் அது 100 பாரைத் தொடும்; அதாவது நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் நூறு மடங்கு. அதைப் பிஸ்டனுக்கு மேலேயே நிறுத்திவைக்கும் பொறுப்பு மெல்லிய ரிங்குகளுடையது. பிஸ்டன் ரிங் முழு வட்டமாக இருக்க முடியாது. பிஸ்டனில் மாட்டுவதற்கும், சூட்டில் விரிவதற்கும் இடம் வேண்டும். அதற்காக ஒவ்வொரு ரிங்கிலும் மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு வெட்டு விடுகிறார்கள். புத்தம்புது எஞ்சினில்கூட அந்த இடுக்கு வழியே கொஞ்சம் வாயு கீழே நழுவும். பட்டறைகளில் இதற்கு ப்ளோபை என்று பெயர். அளவோடு இருக்கும்வரை இது பழுது அல்ல. எஞ்சினின் பிறவிக் குணம்.

நழுவிய வாயு வந்து சேரும் இடம் கிராங்க் கேஸ்: மேலே கிராங்க் ஷாஃப்ட் சுழல, கீழே சம்ப்பில் ஆயில் கிடக்கும் அறை. வருவதில் எரிந்த புகையைவிட எரியாத பெட்ரோல் கலவைதான் அதிகம். கூடவே நீராவியும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். அதில் சிறு பங்கு இங்கேயும் இறங்கிவிடுகிறது. இவை உள்ளேயே தங்கினால் பெட்ரோல் ஆயிலை நீர்க்கச் செய்யும். தண்ணீரும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்து அமிலமாகும். நாளடைவில் எல்லாம் ஆயிலோடு குழைந்து கறுப்புச் சேறாகப் படியும். அதற்கு முன்பே அழுத்தம் கூடி, ஷாஃப்ட்டின் முனைகளில் உள்ள ஆயில் சீல்களைப் பிதுக்கத் தொடங்கும். அந்த சீல்கள் ஆயில் கசியாமல் தடுக்கச் செய்யப்பட்டவை. அழுத்தத்தைத் தாங்க அல்ல.

ஆக, இந்த வாயுவை அடைத்துவைக்க முடியாது. வழிதான் விட முடியும். 1950-கள் வரை அந்த வழி ஒரு சாதாரண இரும்புக் குழாய். எஞ்சினிலிருந்து இறங்கிக் காருக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும். நுனி பின்பக்கம் பார்த்துச் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். கார் ஓடும்போது அடியில் விரையும் காற்று அந்த நுனியில் லேசான உறிஞ்சலை உண்டாக்க, கிராங்க் கேஸ் வாயு ரோட்டுக்குப் போகும். கார் நின்றால் உறிஞ்சலும் நின்றது. நின்று நின்று ஊருக்குள்ளேயே ஓடிய கார்களில் ஆயில் சீக்கிரம் கெட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் உலகப் போரில் டாங்கிகள் ஆற்றில் இறங்கிக் கடக்க வேண்டியிருந்தது. குழாய் திறந்து கிடந்தால் அதன் வழியே தண்ணீர் எஞ்சினுக்குள் ஏறிவிடும். அதனால் குழாயை வெளியே விடாமல், எஞ்சின் காற்றை இழுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கே திருப்பி, நடுவில் ஒரு வால்வை வைத்தார்கள். எஞ்சின் தன் கழிவைத் தானே உறிஞ்சி எரித்துக்கொள்ளும் ஏற்பாடு. இது ஊர்க் கார்களுக்கு வந்தது போரால் அல்ல, புகைமூட்டத்தால். கால்டெக்கில் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த டச்சு வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட், லாஸ் ஏஞ்சலிஸ் மக்களின் கண்ணை எரித்த மூட்டத்தின் மூலத்தை 1950-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். எரியாத ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்றார் அவர். அந்த ஹைட்ரோகார்பனில் கணிசமான பங்கு சைலன்சரிலிருந்து அல்ல, காருக்கடியில் தொங்கிய குழாயிலிருந்து வந்தது என்பது பிறகு தெரிந்தது. 1961-இல் கலிஃபோர்னியாவிலும், 1963 மாடல்களில் அமெரிக்கா முழுவதிலும் அந்த வால்வு, பிசிவி வால்வு என்ற பெயரில், கார்களில் ஏறியது. புகையைக் கட்டுப்படுத்தக் காருக்கு வந்த முதல் கருவி அதுதான்.

கட்டைவிரல் அளவுள்ள அந்த வால்வுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் சிறு முளையும் தவிர வேறொன்றும் இல்லை. ஐட்லிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். மேனிஃபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். அந்த உறிஞ்சல் முளையை இழுத்து, வழியைச் சிறு கீற்றாகக் குறைத்துவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உறிஞ்சல் தளரும், ஸ்பிரிங் முளையைப் பின்னுக்குத் தள்ளும், வழி அகலும். ப்ளோபை குறைவான நேரத்தில் சிறிய வழி, கூடுதலான நேரத்தில் பெரிய வழி. கழற்றிக் குலுக்கினால் உள்ளே முளை கடகடவென்று ஆட வேண்டும். சத்தம் வரவில்லையென்றால் ஆயில் பிசின் அதைப் பிடித்துக்கொண்டது என்று பொருள்.

இந்தக் கணக்கெல்லாம் மேனிஃபோல்டு எப்போதும் உறிஞ்சும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. டர்போ அந்த நம்பிக்கையைக் கெடுத்தது. 1962-இல் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயரும் ஷெவர்லே கோர்வேரும் டர்போவோடு விற்பனைக்கு வந்தன. 1978-இல் வந்த சாப் 99 டர்போ, அன்றாடம் ஓட்டும் குடும்பக் காருக்கும் டர்போ ஒத்துவரும் என்று காட்டியது. அதன் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் டர்போ ஏற்றும் அழுத்தம், சுமார் 0.7 பார். டர்போ ஊதும்போது மேனிஃபோல்டின் அழுத்தம் வெளிக்காற்றை மிஞ்சிவிடுகிறது. உறிஞ்சிய இடமே ஊதத் தொடங்குகிறது. சிலிண்டரில் அழுத்தம் கூடியதால் ரிங்கைத் தாண்டும் வாயுவும் அப்போதுதான் மிக அதிகம். வழி மிகவும் தேவைப்படும் நொடியில் வழி அடைபடுகிறது. சும்மா விட்டால் டர்போவின் காற்று குழாய் வழியே திரும்பி வந்து கிராங்க் கேஸையே ஊதும்.

அதனால் டர்போ எஞ்சினில் வாயுவுக்கு இரண்டு வழிகள். மேனிஃபோல்டுக்குப் போகும் குழாயில் ஒருவழி வால்வு; பூஸ்ட் வந்ததும் சட்டென்று மூடிக்கொள்ளும். தெருவாசலைச் சாத்தியதும் கொல்லைவாசல் திறப்பதுபோல், ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே போய்ச் சேரும் இன்னொரு குழாய் வேலையை ஏற்கிறது. டர்போ காற்றை இழுக்கும் இடம் என்பதால் அங்கே எப்போதும் ஓர் உறிஞ்சல் உண்டு. ஆனால் ஐட்லிங்கில் மேனிஃபோல்டு தரும் உறிஞ்சலோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது. பல எஞ்சின்களில் சில பத்து மில்லிபார்தான். இந்தக் குழாய் அகலமாகவும், மடங்காமலும் இருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

வாயு இந்த வழியில் வெறுங்கையோடு போவதில்லை. கிராங்க் ஷாஃப்ட் சிதறடித்த ஆயில், மைக்ரான் அளவுத் துளிகளாக அதில் மிதக்கிறது. அதை வடிக்க வால்வ் கவருக்குள்ளோ பிளாக்கின் பக்கத்திலோ ஒரு செப்பரேட்டர் இருக்கும். வளைந்து நெளிந்த பாதையில் வாயு திரும்பும்போது, கனமான துளிகள் திரும்ப முடியாமல் சுவரில் மோதி வழிந்து சம்ப்புக்குத் திரும்பும். மிக நுண்ணிய துளிகள் தப்பிவிடும். அவை டர்போவைக் கடந்து இன்டர்கூலரில் படலமாகப் படியும். சிலிண்டருக்குள் போனால் பெட்ரோலின் நாக்கிங் தாங்கும் திறனைக் குறைக்கும். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் இன்னொரு தொல்லை. இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ அங்கே பெட்ரோல் வருவதில்லை. ஆயில் கரிந்து கட்டிப்போகும். அதைச் சுரண்ட அரைத்த வால்நட் ஓட்டுத்தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சுகிறார்கள்.

வழி அடைபட்டால் முதலில் பழி விழுவது டர்போவின் மேல். டர்போ பேரிங்குக்கு ஆயில் அழுத்தத்தோடு வருகிறது. திரும்பிப் போகும்போது அழுத்தம் இல்லை, புவியீர்ப்பில்தான் சம்ப்புக்கு வடிய வேண்டும். நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்த ஷாஃப்ட்டுக்கு ரப்பர் சீல் போட முடியாது. பிஸ்டன் ரிங்கைப் போன்ற சிறு வளையங்கள்தான் காவல். அவை வேலை செய்வது இரு பக்கத்து அழுத்த வித்தியாசத்தை நம்பித்தான். கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறினால் வடிகால் குழாயில் ஆயில் தேங்கும். தேங்கிய ஆயில் வளையங்களைத் தாண்டி ஒருபுறம் இன்டர்கூலருக்கும் மறுபுறம் சைலன்சருக்கும் போகும். நீலப்புகை வரும். ‘டர்போ போச்சு’ என்று தீர்ப்பாகும். புது டர்போ மாட்டியும் அது ஆயில் தள்ளினால், பழையதிலும் குற்றம் இல்லாமல் இருந்திருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். வோல்வோவின் ஐந்து சிலிண்டர் டர்போ கார்களை வைத்திருப்பவர்கள், எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் வாயின்மேல் ஒரு ரப்பர் கையுறையை மாட்டிப் பார்ப்பார்கள். கையுறை உள்ளே இழுபட்டால் வழி நன்றாக இருக்கிறது. விரல் விரித்து உப்பினால் எங்கோ அடைப்பு. ஐட்லிங் பரிசோதனை முதல் வழியைத்தான் சொல்லும். பூஸ்ட்டில் மட்டும் வரும் கோளாறுக்கு, பிரஷர் கேஜை டிப்ஸ்டிக் குழாயில் மாட்டி ரோட்டில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. புதிய எஞ்சின்களில் உறிஞ்சலை அளவோடு வைக்க ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். அது கிழிந்தால் உறிஞ்சல் மிஞ்சிவிடும். எஞ்சின் விசிலடிக்கும், ஐட்லிங் தடுமாறும், ஆயில் மூடியைத் திறக்கவே கை வலிக்கும்.

பூஸ்ட்டை ஏற்றிவிட்டவர்கள், இந்த வாயு போகும் பிரீதர் குழாயின் நடுவில், ஆயிலைப் பிடித்துவைக்க ஒரு கேட்ச் கேன் மாட்டிக்கொள்கிறார்கள். ரேஸில் இது ஆடம்பரம் அல்ல: திறந்த பிரீதர் வைத்த கார்களில், எஞ்சின் 2000 சிசி வரை என்றால் குறைந்தது 2 லிட்டர், அதற்கு மேல் என்றால் 3 லிட்டர் கொள்ளும் டாங்க் வேண்டும் என்பது எஃப்ஐஏ விதி. ரோட்டில் ஓடும் காரில் அந்த கேன், நேரத்துக்குக் காலி செய்யாவிட்டால், இன்னோர் அடைப்பாகத்தான் முடியும். தேய்ந்த ரிங்குக்கும் அது மருந்தாகாது. டர்போவுக்கு விலை கேட்பதற்கு முன் பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்ப்பதுதான் சரியான வரிசை: முதலில் குழாய், பிறகு ஒருவழி வால்வு, பிறகு டர்போவின் வடிகால், பிறகு கம்ப்ரெஷன். டர்போவின் முறை கடைசியில்தான்.