புழுங்கலரிசியும் ஒரு வினாவும்

பல ஆண்டுகளுக்கு முன்னர், தெலுக் இந்தான் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் உணவுச் சத்துகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "ஐயா, எங்கள் பாட்டி மட்டும் புழுங்கலரிசிச் சோறுதான் வேண்டும் என்கிறாரே, ஏன்?" என்று ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி வினவினாள். "அது பழக்கம், அம்மா" என்று கூறி அவளை அமரச் செய்தேன். நேரமின்மை காரணமாகச் சொன்ன அவ்விடை பின்னர் என்னை உறுத்தியது. ஏனெனில், அதே வினாவை மலாயாவின் மருத்துவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுப்பியிருந்தனர். அவர்கள் கண்ட விடையோ உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றது. அன்று அம்மாணவிக்குச் சொல்லாமல் விட்டதை இங்குச் சொல்ல விழைகின்றேன்.

பேராவின் லாருட், கிந்தா ஈயச் சுரங்கங்கள் செழித்திருந்த காலம் அது. ஈயத்தை நாடி வந்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி என்னும் நோய் பெருமளவில் வாட்டியது. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், நடை தளரும், இறுதியில் இதயம் ஓய்ந்துவிடும். இந்நோய் எதனால் வருகின்றது என்பதை எவரும் அறியார். கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டபோது, அதன் முன்னின்ற பெருஞ்சிக்கல்களுள் பெரிபெரியும் ஒன்றாகும். கழகத்தின் முதல் இயக்குநரான ஹாமில்டன் ரைட் இதனைக் கிருமியால் பரவும் தொற்றுநோய் என்றே கருதினார். நோய்கள் பலவற்றுக்குக் கிருமிகளே காரணம் எனக் கண்டறியப்பட்டுவந்த அக்காலத்தில் அக்கருத்து இயல்பானதே.

நெகிரி செம்பிலான் மாநில மருத்துவராக விளங்கிய பிராடன் என்பவரின் உள்ளத்தில் வேறொரு வினா எழுந்தது. ஒரே மண், ஒரே நீர், ஒரே வெயில். அவ்வாறிருக்க, சீனரை வாட்டும் இந்நோய் தமிழரை அரிதாகவே அணுகுவது ஏன்? அவர் சமையற்கூடத்தை நோக்கினார். சீனத் தொழிலாளர் உண்டது ஆலைகளில் நன்கு தீட்டப்பட்ட வெள்ளைப் பச்சரிசி. கம்பத்து மலாய்க்காரர் உண்டது வீட்டிலேயே குத்திய, தவிடு முற்றும் நீங்காத அரிசி. தமிழர் உண்டதோ புழுங்கலரிசி. எனவே குற்றம் அரிசியில்தான் உள்ளது என 1907ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அவர் வாதிட்டார். எனினும், பச்சரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகின்றது என அவர் கொண்ட விளக்கம் தவறானது. கண்ட காட்சி மெய். சொன்ன காரணம் பிழை.

கருத்து வேறு, மெய்ப்பித்தல் வேறு அன்றோ? 1905ஆம் ஆண்டின் இறுதியில் மருத்துவர் வில்லியம் பிளெச்சர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு பிரிவாகவும் இரட்டைப்படை எண்ணினரை மற்றொரு பிரிவாகவும் வகுத்தார். ஒரு பிரிவுக்குப் பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி, பிற உணவெல்லாம் ஒன்றே. ஓராண்டுக்குச் சற்று மேலாக நடைபெற்ற இச்சோதனையில், பச்சரிசி உண்ட ஏறத்தாழ 120 பேருள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோருள் இந்நோயால் ஒருவரும் மாளவில்லை.

இங்குச் சற்றே நிற்றல் வேண்டும். அந்தப் பதினெண்மரும் தம்மீது நடப்பது சோதனை என்பதை அறிந்து இசையும் நிலையில் இருந்தவர் அல்லர். இன்றைய அறநெறி இத்தகைய சோதனையை ஏற்காது. அறிவின் வரலாற்றைப் போற்றும் நாம், அதற்கு விலையாகிப்போன இவ்வுயிர்களையும் எண்ணிப் பார்த்தல் கடமையாகும்.

பின்னர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை அமைத்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரிடையே இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தனர். முடிவு மாறவில்லை. நோய்க்குக் காரணம் வெள்ளை அரிசியில் உள்ள நஞ்சன்று. தீட்டும்போது தவிட்டோடு கழிந்துபோகும் ஏதோ ஒரு சத்தின் குறைவே என்று அவர்கள் தெளிந்தனர். பத்தேவியாவில் கோழிகளை வைத்து ஐக்மன் நடத்திய ஆய்வுகளும் இத்திசையையே காட்டியிருந்தன. 1936ஆம் ஆண்டில் அச்சத்தைச் செயற்கையாக ஆக்கிக் காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்க வேதியியலார். அவர் பிறந்த ஊர், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் என்பது வியப்புக்குரியது. அச்சத்தே இன்று நாம் உயிர்ச்சத்து பி-1 என வழங்கும் தயமின். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள இச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. அதன்பின் ஆலையில் தீட்டினாலும் அது முற்றும் நீங்குவதில்லை. பாட்டி வேண்டிய சோற்றின் கமுக்கம் இதுவே.

இதனைக் கேட்டவுடன், "நம் முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர்" என மார்தட்டத் தோன்றும். அது பொருந்தாது. நெல்லை அவித்த தாய்மார்கள் தயமினை அறியார். குத்தும்போது அரிசி நொறுங்காது, நெடுநாள் கெடாது, சோறு பசி தாங்கும் என்பனவே அவர்கள் அறிந்தவை. மேலும், அரிசி தமிழரைப் பெரிபெரியினின்று காத்த அதே காலத்தில், மலேரியாக் காய்ச்சல் தோட்டங்களில் நம்மவரைக் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போயிற்று.

தமிழரைக் காத்தது குருதியன்று, உணவே என்பதற்குக் கொடிய சான்றும் உண்டு. சப்பானியர் ஆட்சியில், 1942-43ஆம் ஆண்டுகளில், சயாம் மரண இரயில்பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு அவர்களுக்குக் கிடைத்தது போதாத வெள்ளை அரிசியே. காலரா, வயிற்றுக்கடுப்பு ஆகியவற்றோடு பெரிபெரியும் அம்முகாம்களில் உயிர் குடித்தது.

ஒரு பிடி அரிசிக்குள் எத்தனை துறைகள் அடங்கியுள்ளன என்பதை நோக்குங்கள்! சத்தைக் கண்டது அறிவியல். யார் எதை உண்டனர் என்பது சமுதாய வரலாறு. தீட்டிய அரிசியை மலிவாக்கி மக்களிடம் கொண்டுசேர்த்தது வணிகம். நோயைத் தடுத்தது மருத்துவம். இவற்றை ஒன்றாக இணைத்தது, 'அவர்களுக்கு வருகின்றது, இவர்களுக்கு ஏன் வரவில்லை?' என்ற எளிய வினாவே ஆகும்.

நம் மாணவர்கள் இத்தகைய வினாக்களை நாள்தோறும் கேட்கின்றனர். "பழக்கம்" என்று சொல்லி அமர்த்துவது ஆசிரியருக்கு எளிது. அன்று நான் அதைத்தான் செய்தேன். விடை தெரியாவிடினும், "நல்ல வினா, இருவரும் சேர்ந்து தேடுவோம்" என்றாவது சொல்லியிருக்கலாம். இனி வரும் ஆசிரியர்கள் அவ்வாறு சொல்வார்களாக.