நாளைய கடலும் இன்றைய ஐயமும்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில், யூதர் தெருவை அடுத்த பண்டகசாலைகளில், மிளகும் சுக்கும் ஏலமும் பல தலைமுறைகளாக மணம் பரப்பி வந்துள்ளன. அங்கே 1957ஆம் ஆண்டில் மிளகு, நறுமணப் பொருள் வணிகர்களின் சங்கம் ஒன்று தோன்றி முன்பேர வணிகத்தை நடத்தலாயிற்று. கொடியிலிருந்து இன்னும் பறிக்கப்பெறாத மிளகுக்கு, வரும் மாதங்களில் என்ன விலை என்று இன்றே பேசி முடிப்பது அவ்வணிகத்தின் இயல்பு. மழை பொய்க்கலாம், அல்லது மிகலாம், அயல்நாட்டு விளைச்சல் பெருகலாம். இவற்றுள் ஒன்றையேனும் உறுதியாக அறியாதவர்களே அங்குப் பேரம் பேசினர். நாளைய விலை தெரியாது என்பதற்காக அவர்கள் கடையை அடைத்துவிடவில்லை. தெரியாததை மதிப்பிட்டு, அதற்கேற்பக் காப்புத் தேடிக்கொள்வதே அவர்கள் கற்ற கலையாகும்.

கடல் உயரும், மழையின் போக்கு மாறும் என்று அறிவியலார் கூறும் முன்கணிப்புகளை எவ்வளவு நம்பலாம் என்ற வினா இன்று எங்கும் எழுகிறது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் சென்று குடியேறிய தமிழருக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று; அவை கடலையும் கழிமுகத்தையும் நம்பி வளர்ந்த நகரங்கள். மட்டாஞ்சேரியை அடுத்த வெளி என்னும் இடத்திலும், தலைமுறைகளாகத் துணி வெளுத்து வரும் தமிழ்க் குடும்பங்கள் வானத்தைப் பார்த்தே நாளைத் தொடங்குகின்றன. ஆதலின் இவ்வினாவின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

ஐயுறுவோர் முதலில் காட்டும் சான்று கொச்சியின் பிறப்பே ஆகும். 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் தோன்றிற்று என்றும், அதனால் பழம்புகழ் பெற்ற முசிறித் துறை தூர்ந்து கொச்சித் துறை வழி திறந்தது என்றும் வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். தொழிற்சாலைப் புகை இல்லாத காலத்திலேயே கரை இவ்வாறு மாறியதென்றால், இன்றைய மாற்றத்துக்கு மனிதனைக் குறை கூறுவானேன் என்பது அவர்கள் வாதம். அதில் பாதி உண்மை உண்டு. இயற்கை என்றும் மாறிக்கொண்டே இருப்பது. ஆனால், காட்டில் தானே தீப்பற்றுவது உண்டு என்பதனால் மனிதன் தீ வைப்பதில்லை என்று ஆகிவிடாது. 1958ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபொழுது, காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்காக இருந்த கரியமிலவாயு, இப்பொழுது 420 பங்கைக் கடந்துவிட்டது. இஃது அளந்தறிந்த செய்தி, ஊகம் அன்று.

ஐயத்தை எவ்வாறு கையாள வேண்டும் என்பதற்கும் கொச்சியே ஒரு பாடம் தருகிறது. 1920ஆம் ஆண்டில் இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் இங்கு வந்தபொழுது, துறையின் வாயிலை ஒரு மணல்திட்டு அடைத்திருந்தது. அதனை வெட்டினால் வைப்பீன் கரையைக் கடல் அரித்துவிடும் என்ற அச்சம் நெடுநாளாக நிலவியது. பிரிஸ்டோ அந்த அச்சத்தை எள்ளி நகையாடவும் இல்லை. அதற்கு அஞ்சிப் பணியைக் கைவிடவும் இல்லை. நீரோட்டத்தையும் மணல் நகர்வையும் ஆராய்ந்தார். கரையைக் காக்கக் கல்லணைகள் இட்டுச் சோதித்தார். அதன் பின்னரே கால்வாய் வெட்டப்பெற்றது. 1928ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் 'பத்மா' என்னும் கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது.

இனி, கொச்சிக் கரையை விட்டு, இந்நாட்டில் வானிலையை முன்னறிந்து சொல்லும் முயற்சி எவ்வாறு வளர்ந்தது என்பதை நோக்குவோம். இந்திய வானிலை ஆய்வுத்துறை 1875ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அடுத்து வந்த கொடும் பஞ்சம், மழையை முன்கூட்டியே அறிய வேண்டிய தேவையை உணர்த்திற்று. துறையின் முதல் தலைவரான பிளான்போர்டு, இமயத்தில் பனி மிகுந்தால் பருவமழை குறையும் என்ற தொடர்பைக் கண்டார். 1886ஆம் ஆண்டு முதல் முறையான முன்னறிவிப்புகள் வெளிவந்தன. அவருக்குப் பின் வந்த எலியட் 1899ஆம் ஆண்டில் நல்ல மழையை எதிர்நோக்கினார், வந்ததோ வறட்சி. 1904ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர், பல நாடுகளின் காற்றழுத்தக் கணக்குகளை ஒப்பிட்டுத் தென்கடல் ஊசலாட்டத்தைக் கண்டறிந்தார். முந்தையவரின் பிழையே பிந்தையவரின் ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று.

அண்மைக் காலத்திலும் பிழைகள் நேர்ந்தன. 2002ஆம் ஆண்டில் பருவமழை இயல்பாக இருக்கும் என்று அறிவிக்கப்பெற்றது. பெய்ததோ இயல்பான அளவில் 81 விழுக்காடே. மற்றொரு பிழை உலகறிந்தது. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு, 2007ஆம் ஆண்டு அறிக்கையின் ஒரு பகுதியில், இமயப் பனியாறுகள் 2035ஆம் ஆண்டுக்குள் மறைந்துபோகக்கூடும் என்று எழுதியிருந்தது. 2009ஆம் ஆண்டு நவம்பரில், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் உயர்பதவி வகித்த வி. கே. ரெய்னா எழுதிய ஆய்வுரை அத்தகைய கருத்துக்கு மாறாக வெளிவந்தது. குழுவின் தலைவராக அன்று இருந்த பச்சௌரி அவ்வுரையை இகழ்ந்து ஒதுக்கினார். ஆயினும், 2010ஆம் ஆண்டு சனவரியில் குழுவே 2035 என்ற கூற்றுக்குத் தக்க ஆதாரம் இல்லை என்று வருத்தம் தெரிவித்தது.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். அந்த ஆண்டுக் கணக்கை ஐயுற்றோர் நல்ல பணியே செய்தனர். ஐயத்தை இகழ்ந்ததே தவறாயிற்று. ஆனால், ஓர் எண் பொய்த்ததனால் பனி உருகுவதே பொய் என்று முடிவு கட்டியோரும் தவறினர். 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று, பழைய உளவுச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, 1975 முதல் 2000 வரை கரைந்த வேகத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில் அதன் பின்னர் இமயப் பனி கரைந்து வருவதைக் காட்டியது. கணக்கனின் கூட்டலில் ஒரு பிழை கண்டால் கணக்கைத் திருத்துவதே முறை. பட்ட கடன் அதனால் தீர்ந்துவிடாது.

அடுத்த வாரத்து மழையையே சரியாகச் சொல்ல இயலாதவர்கள், அடுத்த நூற்றாண்டைச் சொல்வது எங்ஙனம் என்று கேட்போர் உண்டு. ஒரு நாளின் மழை வேறு. பல்லாண்டுகளின் சராசரி வேறு. ஓர் அலை எவ்வளவு உயரம் எழும் என்று சொல்வது அரிது; ஓதம் எப்பொழுது ஏறும் என்பதைப் பஞ்சாங்கம் போல் முன்னரே எழுதிவிடலாம். கொச்சித் துறைமுகத்தின் ஓத அளவி 1939ஆம் ஆண்டு முதல் கடல்மட்டத்தைப் பதிந்து வருகிறது. நீண்ட காலப் பதிவுகளை ஆராய்ந்தோர், இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் கடல் ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை உயர்ந்து வந்ததைக் கண்டனர். உலகளவில் 2006 முதல் 2018 வரை அவ்வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டராயிற்று.

2100ஆம் ஆண்டில் கடல் எவ்வளவு உயர்ந்திருக்கும்? அதே குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, புகையை விரைந்து குறைத்தால் 28 முதல் 55 செண்டிமீட்டர் வரை என்றும், மிகப் பெருக்கினால் 63 முதல் 101 செண்டிமீட்டர் வரை என்றும் கூறுகிறது. இவ்வளவு இடைவெளி இருப்பதனால் அறிவியலாருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பர் சிலர். அந்த இடைவெளியில் ஒரு பகுதி அவர்களுடைய அறியாமை. மற்றொரு பகுதி நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதில் உள்ள ஐயம். மேலும், ஐயம் ஒரு பக்கமே சாய்வதன்று. கணித்ததினும் குறைவாக உயரலாம் என்றால், மிகுதியாகவும் உயரலாம். பனிப்பாளங்கள் எதிர்பாராது சிதைந்தால் இரண்டு மீட்டரை நெருங்குவதும் இயலாததன்று என்று அவ்வறிக்கையே எச்சரிக்கிறது.

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே செல்லானம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. கடல் ஊருக்குள் புகுந்து வீடுகளை அழித்து வந்த அக்கரையில், 344 கோடி ரூபாய்த் திட்டத்தின் முதற்கட்டமாக, நான்கு கால் கொண்ட காங்கிரீட் கட்டைகளால் ஏழு கிலோமீட்டருக்கு மேல் அரண் எழுப்பப்பெற்றது. அரண் முடிந்த இடத்துக்கு அப்பால் வாழ்வோர், தங்கள் கரைக்கும் அது வேண்டும் என்று போராடினர். அங்கு நேரும் அரிப்புக்குக் கடல்மட்ட உயர்வு ஒன்றே காரணம் என்பதற்கில்லை. மணல் நகர்வும் துறைமுக அகழ்வும் பற்றிய வாதங்களும் உள்ளன. எக்காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று அறிஞர் ஆராயட்டும், ஆராய வேண்டுவதே. அந்த ஆராய்ச்சி முடியும் வரை அலை காத்திராது என்பதை அவ்வூரார் நன்கு அறிவர்.

ஆகவே நேயர்களே, ஒரு முன்கணிப்பைக் கேட்கும்பொழுது, எதனை அளந்து சொல்கிறார்கள், எவ்வளவு பிழை நேரலாம் என்று தயங்காது கேளுங்கள்; அது குடிமக்களின் உரிமை. அவ்வாறே, ஐயுறுவோரிடமும் ஒன்று கேளுங்கள்: உங்கள் ஐயம் தவறாக இருப்பின், அதன் இழப்பை யார் ஏற்பார்? செல்லானத்தில் அதனை ஏற்றவர்கள் கரையோரத்துக் குடிசைக்காரர்கள்.