ஹேக்டிவிசம்
எந்த அரசு இணையதளம் முடங்கினாலும் ‘ஹேக்டிவிசம்’ என்று எழுதிவிடுகிறார்கள். பணம் பறிக்கும் கும்பலுக்கும் இதே பெயர்தான். ‘ஹேக்’ என்றால் முதலில் தாறுமாறாக வெட்டுவது. 1950களில் எம்.ஐ.டி. மாணவர்கள் வாயில் அது கெட்டிக்கார வேலையைக் குறித்தது. திருட்டு வாடை பிறகுதான் ஏறியது. அதோடு, ஒரு கொள்கைக்காகப் போராடுவதைக் குறிக்கும் ‘ஆக்டிவிசம்’ ஒட்டிக்கொண்டது 1996இல், அமெரிக்காவின் ‘கல்ட் ஆஃப் தி டெட் கவ்’ குழுவில். எனக்குப் பிடித்த உதாரணம் 1998இல், மெக்சிகோவின் சப்பாத்திஸ்தா கிளர்ச்சியாளர்களுக்காக நடந்தது. ஆதரவாளர்கள் ‘ஃப்ளட்நெட்’ என்ற நிரலை வைத்து அதிபரின் தளத்தில் ‘மனித உரிமை’ என்ற பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ‘மனித உரிமை இந்த சர்வரில் இல்லை’ என்று அரசின் கணினியே பதில் சொன்னது! பூட்டு எதுவும் உடைபடவில்லை. தமிழில் ஹேக்கரைக் ‘கொந்தர்’ என்கிறார்கள் சிலர். அணில் கொந்திய கொய்யாவைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பழைய வெட்டும் பொருள் சட்டென்று பிடிபடும். ஆனால் ‘கொந்தல் போராட்டம்’ என்றால் யாருக்கு விளங்கும்? மெக்சிகோ விஷயத்துக்கு ‘இணைய முற்றுகை’ போதும். உள்ளே புகுந்து கோப்புகளை அள்ளி வெளியிடுவதை முற்றுகை என்று சொல்ல முடியாது. அதற்கு ஹேக்டிவிசமே இருந்துவிட்டுப் போகட்டும்.