11-ஆம் நம்பர் கூண்டு

கடலூர்த் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவது என் வேலையாக இருந்தது. சென்னை நுங்கம்பாக்கம் வானிலை மையத்திலிருந்து தகவல் வந்ததும் பதிவேட்டில் நேரத்தைக் குறித்துவிட்டு, கறுப்புக் கூண்டைக் கயிற்றில் மாட்டிக் கம்பத்தின் உச்சிக்கு இழுப்பேன். நனைந்த கயிறு உள்ளங்கையை அறுக்கும். இருட்டிவிட்டால் கூண்டுக்குப் பதில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். சோனாங்குப்பத்து ஆட்கள் படகிலிருந்தே, "எத்தனாம் நம்பர்ண்ணே?" என்று குரல் கொடுப்பார்கள்.

1-ம் 2-ம் தூரக் கடலில் இருக்கும் புயலுக்கு. 3-ம் 4-ம் துறைமுகத்துக்கே வரும் எச்சரிக்கை. 5 முதல் 10 வரை அபாயம். புயல் எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதைக்கூட எண்ணை வைத்தே மாலுமி தெரிந்துகொள்வார். 11-ஆம் நம்பர்தான் என்னைக் கலங்கடிக்கும். வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆபத்து வருவதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். மேலிருந்து சொல்ல ஆளில்லாத நேரத்திலும் கரையில் நிற்பவன் சும்மா இருக்கக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள்.

இந்தக் கூண்டுகளின் கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. அங்கே ஹென்றி பிடிங்டன் என்று ஓர் ஆங்கிலேயர் இருந்தார். கப்பலோட்டியாக இருந்தவர். புயலில் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்து, காற்று எந்தத் திசையில் சுழன்றது என்று வரைந்து பார்த்தவர். சுருண்டு கிடக்கும் பாம்பை நினைத்து, கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை 1848-இல் தந்தவரும் அவர்தான்.

மாட்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்ட அரசு திட்டமிட்டபோது, 1853-இல் பிடிங்டன் தலைமை ஆளுநர் டல்ஹவுசிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஒருநாள் புயலோடு கடலே எழுந்து வந்து அந்த இடத்தை மூடும், அங்கே கட்டாதீர்கள் என்று மன்றாடினார். கேட்கவில்லை. 1858-இல் அவர் இறந்துபோனார். அங்கேயே போர்ட் கேனிங் என்ற அந்தத் துறைமுகம் எழும்பியது, ரயிலும் வந்தது. 1867 நவம்பரில் அடித்த புயலில் கடல் ஊருக்குள் ஏறியது. சில ஆண்டுகளில் துறைமுகமே கைவிடப்பட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். அவர் சொன்னதில் பிழையே இல்லை. ஆனால் அந்தச் சொல் ஆளுநரின் மேசையோடு நின்றுவிட்டது.

1864 அக்டோபர் புயலில் கல்கத்தாவும் சுற்றுப்புறமும் பல்லாயிரம் உயிர்களைப் பறிகொடுத்தன. அதற்குப் பிறகே, 1865-இல், அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. மெல்ல மெல்ல மற்றத் துறைமுகங்களுக்கும் பரவி எங்கள் கம்பம்வரை வந்து சேர்ந்தது.

2004 டிசம்பர் 26 காலை எங்கள் கம்பத்தில் ஒன்றுமே ஏறவில்லை. சுனாமிக்கென்று கூண்டு கிடையாது. சுமத்ராவில் நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி 6.29 மணிக்கு. ஹவாயில் இருந்த சுனாமி எச்சரிக்கை மையம் அதிர்வைச் சில நிமிடங்களிலேயே கண்டுகொண்டது. ஆனால் அது பசிபிக் நாடுகளுக்கான மையம். இந்தியப் பெருங்கடலுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரம் இன்றும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இப்போது ஹைதராபாத்தில் 2007-இல் தொடங்கிய சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. 2011 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்கெல்லாம் சுனாமித் தகவல் கொடுக்கின்றன.

ஆனால் அன்று காலை எங்களுக்கு வடக்கே, புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு மீனவக் கிராமம் இதெல்லாம் இல்லாமலே தப்பியது. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்கு ஃபோன் போட்டார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்துக்கு ஆட்கள் ஓடினார்கள். அதன் ஒலிபெருக்கி ஊருக்குப் பழக்கமான குரல். அது 'ஓடுங்கள்' என்றதும் ஊரே ஓடியது.